செயற்கைக்கோள் காட்டும் கடல்மட்டத்தைச் சோதித்து ஏற்பது எப்படி?

காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டதால் உள்நாடு வந்து குடியேறினோம் என்று நகரத்தார் வழிவழியாகச் சொல்லிவரும் செட்டிநாட்டில், கடல் ஏறுகிறது என்ற பேச்சு யாருக்கும் அயலான செய்தி அல்ல. ஆனால் 1,336 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் கருவி, ஆண்டுக்கு மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று மேலான ஏற்றத்தை எப்படி அறியும் என்று கேட்பது நியாயமே.

காற்றடிக்கும் நாளில் ஊருணியில் கோல் ஊன்றி நீர்மட்டம் பாருங்கள். சிற்றலையால் ஒவ்வொரு முறையும் ஓர் அளவு வரும். நூறு முறை பார்த்துச் சராசரி எடுத்தால் அந்தப் பிழை பெரும்பாலும் கழிந்துவிடும். செயற்கைக்கோளின் ரேடார் அளவீடு ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு சென்டிமீட்டர் பிழை இருந்தும், ஏறத்தாழ 10 நாட்களுக்கு ஒரு சுற்றாகச் சேரும் லட்சக்கணக்கான அளவீடுகளின் உலகச் சராசரி சில மில்லிமீட்டருக்குள் அடங்குவது இதனால்தான். எனவே தனி அளவீட்டின் பிழையைக் காட்டி முழுத் தரவையும் தள்ளுபவரின் வாதத்தை ஏற்காதீர்கள்.

கோலே சேற்றில் மெல்ல இறங்கினால் ஆயிரம் முறை பார்த்தும் பயனில்லை. நீர் ஏறுவதாகவே அது காட்டும். ஆகவே நீங்கள் அழுத்திக் கேட்க வேண்டிய கேள்வி, கருவியின் அளவே சரியான நிலையிலிருந்து மெல்ல விலகியதா என்பதே. ஒருமுறை விலகியது: 1992இல் ஏவப்பட்ட டோபெக்ஸ்/போசைடன் செயற்கைக்கோளில் ரேடாரால் கடல்மட்டம் அளக்கும் முதல் உயரமானி தேய்ந்து, 1999 பிப்ரவரியில் மாற்று உயரமானிக்கு மாறும் வரை ஏற்றத்தைச் சற்று மிகுத்துக் காட்டியது. துறைமுகங்களில் கரையிலிருந்து கடல்மட்டம் அளக்கும் ஓதமானிகளோடு ஒப்பிட்டதில் அது வெளிப்பட்டது. திருத்திய பின் தொடக்க ஆண்டுகளின் வேகம் குறைந்தது. அதுவரை மறைந்திருந்த முடுக்கம், அதாவது ஏற்றத்தின் வேகம் கூடிவருவது, தெளிவாகத் தெரிந்தது. பிழையை ஒப்புக்கொண்டு திருத்திய தரவையே நான் கூடுதலாக நம்புவேன். பின்வந்த ஜேசன் வரிசைச் செயற்கைக்கோள்களும் சென்டினல்-6உம், முந்தைய செயற்கைக்கோளின் தடத்திலேயே ஏறக்குறைய அரை நிமிடம் முதல் ஒன்றரை நிமிடம் வரையிலான இடைவெளியில் மாதக்கணக்கில் பறந்து அளவை ஒத்துப்பார்த்த பிறகே பொறுப்பேற்றன.

அடுத்து, தொடர்பற்ற வேறு வழியில் கணக்கு ஒத்துவருகிறதா என்று பாருங்கள். கடலுக்குள் வெப்பமும் உப்பும் அளக்கும் ஆர்கோ மிதவைகள் காட்டும் வெப்ப விரிவையும், கிரேஸ் வரிசைச் செயற்கைக்கோள்கள் ஈர்ப்பு விசையால் அறியும் நீர்நிறை மாற்றத்தையும் கூட்டினால், உயரமானியின் ஏற்றம் கிடைக்க வேண்டும். 2016க்குப் பின் கூட்டல் சரியாக வராதபோது தேடியதில், மிதவைகளின் உப்பு உணரிகளிலும் ஜேசன்-3இன் காற்று ஈரப்பத அளவியிலும் விலகல் இருந்தது தெரியவந்தது.

ஐயவரம்பு, அதாவது எவ்வளவு கூடவோ குறையவோ இருக்கலாம் என்ற எல்லை, இல்லாத எண்ணை ஏற்க வேண்டாம். உலகச் சராசரிக்கு அது ஆண்டுக்கு 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர். அந்தச் சராசரியைத் தொண்டிக் கரைக்கு அப்படியே பொருத்துவதும் தவறு. கரையோரத்தில் நிலத்தின் எதிரொலி ரேடாரில் கலக்கும். பாக் விரிகுடா ஆழம் குறைந்ததால் ஓதத் திருத்தமும் அங்கே எளிதல்ல. நம் கரைக்கான எண் வேண்டுமென்றால், அருகிலுள்ள ஓதமானியின் நீண்டகாலப் பதிவை எடுத்து, அது நிற்கும் நிலம் தாழ்கிறதா என்பதை ஜிபிஎஸ் அளவோடு சேர்த்துப் பாருங்கள்.