கையில் இருக்கும் போனை வைத்தே விஆர் பழகலாம்

பொருட்காட்சியில் ஆடும் நாற்காலி ஒன்றில் உட்கார வைத்து, முகத்தில் கருப்புப் பெட்டியை மாட்டி, ரோலர் கோஸ்டர் ஓட்டிக் காட்டுவார்கள். இறங்கியதும் பலருக்குத் தலை கிறுகிறுக்கும். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் நிறையப் பேருக்கு விஆர், அதாவது விர்ச்சுவல் ரியாலிட்டி (மெய்நிகர் உலகம்), அறிமுகமானது இப்படித்தான். அதை வைத்து விஆரை எடை போட்டால் அநியாயம். அந்தக் கருப்புப் பெட்டியை, அதாவது விஆர் ஹெட்செட்டை, வாங்கும் யோசனையை இப்போதைக்குத் தள்ளிவைத்துவிட்டு, கையில் இருக்கும் போனிலேயே தொடங்குவோம்.

விஆரின் அடிப்படை இரண்டே விஷயம்தான். இடக்கண்ணுக்கு ஒரு படம், வலக்கண்ணுக்குச் சற்றே மாறிய இன்னொரு படம். தலையைத் திருப்பினால் இரண்டு படமும் கூடவே திரும்ப வேண்டும். 1968-ல் அமெரிக்காவில் ஐவன் சதர்லேண்ட் செய்த கருவியில், தலையசைவை அளக்கும் இயந்திரக் கை கூரையிலிருந்து தொங்கியது. இன்று அந்த வேலையைப் போனுக்குள் இருக்கும் கைரோஸ்கோப் என்ற குட்டி சென்சார் செய்துவிடுகிறது.

முதல் படி: போனைச் சோதியுங்கள்

விலை குறைந்த பல போன்களில் கைரோஸ்கோப் இருக்காது. யூடியூப் ஆப்பில் '360 வீடியோ' என்று தேடி ஒன்றைப் போடுங்கள். போனை நேராகப் பிடித்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே மெல்லத் திரும்புங்கள். காட்சியும் கூடவே திரும்பினால் கைரோ இருக்கிறது. விரலால் இழுத்தால்தான் நகர்கிறது என்றால் இல்லை. வீட்டில் வேறு யாருடைய போனையாவது கேட்டு வாங்குங்கள்.

இரண்டாம் படி: பெட்டி

போனை உள்ளே வைத்து இரண்டு லென்ஸ் வழியே பார்ப்பதற்காக, கூகுள் 2014-ல் 'கார்ட்போர்டு' என்ற அட்டைப் பெட்டியை வெளியிட்டது. 2021-ல் விற்பதை நிறுத்திவிட்டாலும், அதன் வரைபடத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துச் செய்துகொள்ளலாம். வெட்டி ஒட்டப் பொறுமை இல்லாதவர்களுக்கு, அதே மாதிரி பிளாஸ்டிக் பெட்டி ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஆனால் ஒருமுறையாவது சொந்தமாகச் செய்து பாருங்கள். உள்ளே பெரிய மாயம் ஒன்றும் இல்லை என்பது அப்போதுதான் புரியும்.

லென்ஸ் மட்டும் கடையில் வாங்க வேண்டும். இருபுறமும் குவிந்தது, 25 மி.மீ. விட்டம், 45 மி.மீ. குவியத் தூரம் என்று கேட்டு இரண்டு வாங்குங்கள். அட்டைக்கு, சீசன் நேரத்தில் மாம்பழப் பெட்டிதான் கண்ணில் படும். அதைத் தொடாதீர்கள். பழத்தின் கனத்தைத் தாங்கச் செய்த தடித்த அட்டை அது. மடித்தால் ஓரம் நசுங்கி, பெட்டி கோணலாகிவிடும். பீட்சா பெட்டி மாதிரி ஒற்றை நெளிவுள்ள மெல்லிய அட்டைதான் சரி. மடிக்க வேண்டிய இடத்தில் ஸ்கேலை வைத்து, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி ஒரு கோடு இழுங்கள். அட்டை கிழியாமல் பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தில் மடித்தால் மடிப்பு நூல் பிடித்த மாதிரி வரும்.

இரண்டு லென்ஸ்களின் மையங்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி? பெரியவர்களுக்குக் கண்மணிகளின் இடைவெளி சராசரியாக 63 மி.மீ. கண்ணாடி முன் நின்று மூக்கின் மேல் ஸ்கேலை வைத்து உங்கள் அளவைப் பார்த்துக்கொள்ளலாம். போன் திரை, லென்ஸிலிருந்து சுமார் 4 செ.மீ. தள்ளி உட்கார வேண்டும். படம் மங்கலாகத் தெரிந்தால் போனைக் கொஞ்சம் முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள்.

மூன்றாம் படி: பார்ப்பது

போன் கவரைக் கழற்றுங்கள், வெளிச்சத்தைக் கூட்டுங்கள், அழைப்பு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். 360 வீடியோவைத் திரை முழுக்க வைத்து, விஆர் கண்ணாடிப் படம் போட்ட குறியைத் தொட்டால் திரை இரண்டாகப் பிரியும். குறி வெளியே தெரியாவிட்டால் மெனுவுக்குள் தேடுங்கள். சுழலும் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பது உத்தமம்.

ஒரு விஷயம்: 360 வீடியோக்களில் பலவும் இரண்டு கண்ணுக்கும் ஒரே படத்தைத்தான் காட்டும். சுற்றிலும் காட்சி இருக்கும், ஆழம் இருக்காது. தேடும்போது '3டி' என்றும் சேர்த்துத் தேடுங்கள்.

நான்காம் படி: தலைசுற்றலைப் புரிந்துகொள்ளுங்கள்

ஒகேனக்கல்லில் பரிசலில் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பரிசல்காரர் துடுப்பைப் போட்டு ஒரு சுற்று சுற்றிவிடுகிறார். பாறைகள் சுழல்வதைக் கண் பார்க்கிறது. உடம்பு சுழல்வதைக் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பும் உணர்கிறது. இரண்டும் ஒத்துப்போகின்றன. அதே காட்சியை வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து விஆரில் பாருங்கள். கண் 'சுற்றுகிறோம்' என்கிறது, காது 'இல்லையே' என்கிறது. இந்தச் சண்டைதான் குமட்டலுக்குக் காரணம் என்பார்கள். அதனால் முதலில் கேமரா ஒரே இடத்தில் நிற்கும் வீடியோக்களைப் பாருங்கள். ஐந்து நிமிடம் போதும். லேசாக ஒரு மாதிரி இருந்தாலே கழற்றிவிடுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தால் பழகிவிடும் என்பதெல்லாம் சும்மா.

அதே பரிசலில் இன்னொன்று. தலையைத் திருப்பி அக்கம்பக்கம் பார்க்கிறீர்கள். போன் பெட்டியில் இது நடக்கும். விளிம்புக்கு வெளியே எட்டித் தண்ணீரைப் பார்க்கிறீர்கள், இது நடக்காது. கைரோவுக்குத் தலை திரும்புவது தெரியும், தலை இடம் மாறுவது தெரியாது. ஹெட்செட் விளம்பரங்களில் 3 டிஓஎஃப், 6 டிஓஎஃப் (எத்தனை வகை அசைவைக் கருவி உணரும் என்ற கணக்கு) என்று போட்டிருப்பது இதைத்தான். முதல் வகையில் திரும்ப மட்டும் முடியும். இரண்டாவதில் நடக்கலாம், குனியலாம், எட்டிப் பார்க்கலாம். பணம் போட்டு வாங்கும்போது 6 இல்லாததை வாங்கவே வாங்காதீர்கள்.

ஐந்தாம் படி: ஹெட்செட்

மெட்டாவின் குவெஸ்ட் 3 (2023), குவெஸ்ட் 3எஸ் (2024) இரண்டும் தனியாகவே இயங்கும். முகப்பில் உள்ள கேமராக்கள் அறையைப் பார்த்து, நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று கணக்கிடும். சோனியின் பிஎஸ் விஆர் 2-க்கு பிளேஸ்டேஷன் 5 வேண்டும், இல்லாவிட்டால் தனி அடாப்டரோடு கணினி வேண்டும். ஆப்பிள் விஷன் ப்ரோ 3,499 டாலருக்கு வந்தது. நமக்கு அந்தப் பேச்சே வேண்டாம்.

வாங்குமுன் ஓசூரிலோ பெங்களூரிலோ ஒரு விஆர் கேம் சென்டரில் மாட்டிப் பாருங்கள். வாரண்டி இந்தியாவில் செல்லுமா என்று கேளுங்கள். மாட்டியதும் முதலில் லென்ஸ் இடைவெளியைச் சரிசெய்து, பிறகு எதிலும் இடிக்காமல் அசைய எவ்வளவு இடம் என்று ஹெட்செட்டிலேயே எல்லைக்கோடு வரையுங்கள். நம் வீட்டு ஹாலில் டிவி, டீப்பாய், ஃபேன் மூன்றும் கைக்கு எட்டும் தூரம்தான். குவெஸ்டுக்குக் குறைந்தபட்ச வயது 10, அதுவும் பெற்றோர் கணக்கின் கீழ்.

விளையாட்டைத் தாண்டி இதில் என்ன இருக்கிறது என்பவர்களுக்கு: ஹப்பிள் தொலைநோக்கியைப் பழுதுபார்க்க 1993-ல் போன நாசா வீரர்கள் விஆரிலும் பயிற்சி எடுத்தார்கள். தீக்காயத்துக்கு மருந்து கட்டும்போது வலியை மறக்கடிக்க, வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பனியுருண்டை எறியும் விஆர் உலகம் ஒன்றையே செய்தார்கள். நமக்குப் பக்கத்து உதாரணம், விஆரிலேயே வெல்டிங் பழக்கும் சிமுலேட்டர். ஓசூர்க் கம்பெனிகளைக் குறிவைத்து ஐடிஐ படிக்கும் பையன், ராடும் தகடும் வீணாகாமல் டார்ச் பிடிக்கும் கோணத்தையும் இழுக்கும் வேகத்தையும் அதில் பழகலாம். விஆரின் உண்மையான பலன் இந்த மாதிரிப் பயிற்சியில்தான் என்று நினைக்கிறேன்.

அப்புறம், ஹெட்செட்டை ஜன்னலோரம் வைக்காதீர்கள். லென்ஸ் வழியே விழும் வெயில் குவிந்து, உள்ளே திரையைப் பொசுக்கிவிடும். லென்ஸைத் துடைக்கக் கண்ணாடி துடைக்கும் உலர்ந்த துணி போதும்; சானிடைசர் படவே கூடாது.