ஸ்டோன்வேர் தட்டு வாங்கும்போதும், கிளேஸ் விரிசல் விட்டபோதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடையில் ஸ்டோன்வேர், அதாவது அதிகச் சூட்டில் சுட்டுக் கெட்டிப்படுத்திய களிமண் தட்டைக் கையில் எடுப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் முதலில் பார்ப்பது நிறத்தை. அப்புறம் கனத்தை. கனமாக இருந்தால் உறுதியானது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். தட்டைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்ப்பவர்கள் குறைவு. அந்தத் தட்டு பல வருஷம் உழைக்குமா, இல்லை சில மாதங்களிலேயே ரசத்தின் மஞ்சள் ஏறிய கோடுகளோடு அலமாரியின் பின்வரிசைக்குப் போகுமா என்பதை அங்கேதான் ஓரளவு கண்டுபிடிக்க முடியும்.

தட்டின் அடியில் கிளேஸ், அதாவது கண்ணாடி போன்ற மேற்பூச்சு, பூசாத ஒரு வளையம் இருக்கும். சூளைப் பலகையில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அதை அப்படியே விட்டுவிடுவார்கள். தட்டின் உண்மையான உடம்பு தெரிவது அந்த இடத்தில்தான். சாதாரண மண்பாண்டம் 1000 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் வேகிறது. ஸ்டோன்வேரை 1200 முதல் 1300 டிகிரி வரை சுடுகிறார்கள். அந்தச் சூட்டில் மண்ணில் கலந்திருக்கும் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் உருகி, துகள்களுக்கு இடையிலுள்ள துளைகளைக் கண்ணாடியாக நிரப்பிவிடும். சரியாக வெந்த ஸ்டோன்வேர் தன் எடையில் 2, 3 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காது. நல்லது என்றால் 1 சதவீதத்துக்கும் கீழே நிற்கும். மண்பானையில் தண்ணீர் குளிர்வது அது கசிந்து ஆவியாவதால். பானைக்குப் பெருமை சேர்க்கும் அந்தக் கசிவு, சாப்பாட்டுத் தட்டில் வந்தால் எண்ணெயும் புளியும் உள்ளே போகும் வழியாகிவிடும்.

ஆக, கனத்தை நம்புவதுதான் முதல் தவறு. குறைந்த சூட்டில் சுட்ட தட்டையும் தடிமனாகச் செய்துவிட்டால் கனமாகத்தான் இருக்கும். ‘ஸ்டோன்வேர்’ என்று ஒட்டியிருக்கும் சீட்டையும் முழுதாக நம்ப வேண்டாம். அடிவளையத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உறிஞ்சிக் கறுத்துப்போனால் மண் சரியாக வேகவில்லை. முத்தாக நின்றால் நல்ல அறிகுறி. சிலர் அடியில் மெழுகு போன்ற ஏதாவது தடவியிருப்பார்கள் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு செய்யவும் கூடாது. ஆறு பேருக்கு செட்டாக வாங்குவதற்கு முன் ஒரே ஒரு தட்டை வாங்கி, நன்றாக வெயிலில் காயவைத்து, சமையலறைத் தராசில் எடை பாருங்கள். ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் ஈரத்தைத் துடைத்துவிட்டு மறுபடி எடை போடுங்கள். 600 கிராம் தட்டு 606 கிராம் ஆனால் 1 சதவீதம், கவலை இல்லை. 630 ஆனால் 5 சதவீதம், அந்தத் தட்டில் குழம்பு ஊற்றாமல் இருப்பது நல்லது. ஆய்வகத்தில் ஐந்து மணி நேரம் கொதிக்கவைத்து, அதே தண்ணீரில் மேலும் ஒரு நாள் ஊறவிட்டுத்தான் இதை அளப்பார்கள். அங்கே அளந்தால் எண் இன்னும் கூடும், குறையாது.

மண்சட்டி வாங்கும்போது தட்டிப் பார்க்கும் பழக்கம் நமக்கு ஏற்கெனவே உண்டு. அதை இங்கேயும் செய்யலாம். விரல் நுனிகளில் தட்டைத் தாங்கிக்கொண்டு விளிம்பில் விரல் முட்டியால் தட்டினால் ‘ணங்’ என்று நீண்டு ஒலிக்க வேண்டும். ‘டொக்’ என்று அமுங்கினால், கண்ணுக்குத் தெரியாத விரிசல் உடம்பில் இருக்கலாம், அல்லது வேக்காடு பற்றவில்லை.

இப்போது மவுசு பளபளப்பில்லாத மேட் ஃபினிஷ் தட்டுகளுக்கு. படம் எடுக்க நன்றாக இருக்கும். தினசரி சாப்பாட்டுக்கு, அதுவும் மஞ்சளும் எண்ணெயும் தாராளமாகப் புழங்கும் நம் சமையலுக்கு, அதை நான் சொல்லமாட்டேன். மேட் கிளேஸின் மேற்பரப்பு நுண்ணிய அளவில் சொரசொரப்பானது. எவர்சில்வர் கரண்டி பட்டால் உலோகம் தேய்ந்து சாம்பல் நிறக் கோடாகப் படியும். அதைப் பார்த்துவிட்டுத் தட்டு கீறிவிட்டது என்று தூக்கிப் போடுபவர்கள் இருக்கிறார்கள். சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துத் தேய்த்தால் போய்விடும். போய்விட்டது என்றால் அது வெறும் உலோகக் கறை. ஆனால் திரும்பத் திரும்ப வரும், அதுதான் எரிச்சல். உள்பக்கம் பளபளப்பு, வெளிப்பக்கம் மேட் என்று செய்த கிண்ணங்களும் கிடைக்கின்றன. ஆசை விடவில்லை என்றால் அதை வாங்குங்கள்.

நிறத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஈயம் சேர்த்த கிளேஸ்கள் பெரும்பாலும் குறைந்த சூட்டில் சுடும் வண்ணப் பாண்டங்களில்தான் வரும். ஸ்டோன்வேர் சூட்டுக்கு ஈயம் தேவைப்படுவதில்லை. அதற்காக எல்லா ஸ்டோன்வேர் கிளேஸும் புளிப்பைத் தாங்கும் என்று அர்த்தமில்லை. தாமிரம் அதிகமாகச் சேர்த்த பச்சை மேட் கிளேஸ்கள் புளிப்பில் கரைந்து சாப்பாட்டில் இறங்கக்கூடும். ஆய்வகங்களில் 4 சதவீத அசிட்டிக் அமிலத்தை 24 மணி நேரம் ஊற்றிவைத்து, எவ்வளவு ஈயமும் காட்மியமும் இறங்கியது என்று அளப்பார்கள். வீட்டில் ஒரு எலுமிச்சைத் துண்டை ராத்திரி தட்டின் மேல் வைத்துவிட்டுக் காலையில் பாருங்கள். அந்த இடம் வெளுத்திருந்தாலோ நிறம் மாறியிருந்தாலோ அது சாப்பிடும் தட்டு அல்ல. ஆனால் நிறம் மாறவில்லை என்பதால் ஈயம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. பழைய காலத்துப் பளிச்சென்ற ஆரஞ்சு, மஞ்சள் கிண்ணங்கள் வீட்டில் இருந்தால் அவை அலமாரியில் அழகாக இருக்கட்டும்.

வடிவத்தில் பார்க்க வேண்டியது விளிம்பு. காகிதம் போல் மெலிந்து முடியும் விளிம்பு சீக்கிரம் மூளியாகும். சற்றே தடித்து, உருண்டு முடிவது பாத்திரம் கழுவும் தொட்டியில் இடிபட்டாலும் தாங்கும். அடிவளையத்தை விரலால் தடவிப் பாருங்கள். மணல் மணலாக இருந்தால், அடுக்கி வைக்கும்போது கீழே இருக்கும் தட்டின் கிளேஸை அது அறுக்கும். சமதளத்தில் வைத்து ஆடுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

புதுச்சேரியில் 1971-ல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மட்பாண்டப் பட்டறையைத் தொடங்கினார்கள். இன்று அந்த ஊரிலும் ஆரோவில் சுற்றுப்புறத்திலும் கையால் ஸ்டோன்வேர் செய்பவர்கள் நிறையப் பேர். அங்கே போனால் செகண்ட்ஸ் என்று குறைந்த விலையில் வைத்திருப்பதைத் தயங்காமல் பாருங்கள். நிறம் கொஞ்சம் மாறியது, வெளிப்பக்கத்தில் ஊசித்துளை, லேசான கோணல் இதெல்லாம் பரவாயில்லை. உட்புறத்தில் கிளேஸ் விலகி மண் தெரிவதும், எந்தப் பக்கமானாலும் விரிசலும் வேண்டாம். செய்தவரிடமே “எத்தனை டிகிரியில் சுடுறீங்க, கிளேஸ் வெடிக்குமா?” என்று கேளுங்கள். தொழில் தெரிந்தவர்கள் இந்தக் கேள்விக்குச் சந்தோஷமாகப் பதில் சொல்வார்கள். கைவேலைப் பாண்டத்தில் அடுத்த வருஷம் அதே நிறம் அமைவது கஷ்டம். அதனால் உடைவதற்கென்று இரண்டு சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

சரி, வாங்கியாயிற்று. கொஞ்ச நாளில் தட்டு முழுக்க வலைபோல் மெல்லிய கோடுகள். இதைத் தொழிலில் கிரேசிங் என்பார்கள்.

சூடான சாம்பார் ஊற்றியதால்தான் வெடித்தது என்று நினைத்து வீட்டில் ஒருவரை ஒருவர் குற்றம் சொல்வது அடுத்த தவறு. சூளையில் உருகிய கிளேஸ் ஆறும்போது சுருங்கும். மண்ணும் சுருங்கும். உடம்பைவிடச் சட்டை அதிகமாகச் சுருங்கினால் தையல் விடுவதைப்போல, மண்ணைவிடக் கிளேஸ் அதிகம் சுருங்கினால் இழுபட்டு விரிசல் விடும். சோடியமும் பொட்டாசியமும் அதிகமுள்ள கிளேஸ்களில் இது சகஜம். சில நேரம் சூளையைத் திறக்கும்போதே ‘பிங் பிங்’ என்று கேட்கும். சில நேரம் இழுவிசை உள்ளேயே தங்கியிருந்து, பல மாதம் கழித்து வீட்டில் வெளிப்படும். துளையுள்ள மண் ஈரத்தை உறிஞ்சி மெல்ல உப்புவதாலும் தாமதமாக விரிசல் வரும். சூடும் குளிரும் மாறி மாறிப் படுவது அதைச் சீக்கிரம் வெளியே கொண்டுவருகிறது, அவ்வளவுதான்.

எல்லாக் கோட்டையும் ஒன்றாக நினைப்பது இன்னொரு தவறு. சோடாவில் போய்விடும் கரண்டிக் கோட்டைச் சொல்லிவிட்டேன். வலைப்பின்னலாகப் பரவி, நகத்தில் தட்டுப்படாமல் இருப்பது கிரேசிங். விளிம்பிலிருந்து ஒற்றைக் கோடாக இறங்கி, பின்பக்கமும் தெரிந்து, தட்டினால் ‘டொக்’ என்று ஒலித்தால் உடம்பே விரிந்துவிட்டது. சுடுசோறோடு கையில் இரண்டாகப் பிரியும், எடுத்துவிடுங்கள். எல்லாவற்றிலும் மோசமானது, கிளேஸ் விளிம்பில் செதில் செதிலாக உரிவது. இது கிரேசிங்குக்கு நேர் எதிரான கோளாறு. கிளேஸ் மண்ணைவிடக் குறைவாகச் சுருங்கி, நெரிபட்டுத் தெறிக்கும். அந்தச் செதில் கண்ணாடித் துண்டுதான். அப்படிப்பட்ட தட்டை அன்றைக்கே ஒதுக்குங்கள்.

கிரேசிங் எப்போதும் கோளாறு என்றும் சொல்ல முடியாது. சீனாவின் சோங் அரச காலத்து ‘கே’ என்ற வகைப் பாண்டங்களில் இந்த வலைக்கோடுகளை அழகுக்காகவே வரவழைத்தார்கள். இன்றும் செலடான் என்ற வெளிர்பச்சைக் கிளேஸ் பூசிய தேநீர்க் கோப்பைகளில் அதை விரும்பி வாங்குகிறார்கள், தேநீர்ச் சாயம் ஏறுவதைக்கூட ரசிக்கிறார்கள். தேநீரோடு நின்றால் சரி. மீன் குழம்பு வேறு விஷயம்.

விரிசல் விட்ட தட்டை என்ன செய்வது என்பது மறுபடி அந்த எடைக் கணக்கில்தான் இருக்கிறது. மண் நன்றாக வெந்திருந்தால் கோட்டுக்குக் கீழே எண்ணெய் போக இடமில்லை. தட்டின் பலம் குறைந்திருக்கும், ஆனால் உடனே தூக்கிப் போட வேண்டியதில்லை. பழம், பிஸ்கட், தோசை என்று ஈரம் குறைந்தவற்றுக்கு வைத்துக்கொள்ளலாம். மண் தண்ணீர் குடிக்கும் ரகம் என்றால் கதை வேறு. கோடுகள் வழியே எண்ணெயும் குழம்பும் இறங்கி மண்ணிலேயே தங்கும். மைக்ரோவேவில் சூடு பண்ணியதும் சிக்கு வாடை அடித்தால் அதுதான் அடையாளம். தட்டு சாப்பாட்டைவிட அதிகமாகச் சுடுவதும் பெரும்பாலும் உள்ளே ஈரம் இருப்பதைத்தான் காட்டுகிறது. அதைப் பூந்தொட்டிக்கு அடியில் வைத்துவிடுங்கள்.

இணையத்தில் சுற்றும் வைத்தியங்களில் முதலாவது, பாலில் கொதிக்கவைப்பது. பாலின் புரதம் விரிசலில் படிந்து கோடு மறைந்த மாதிரி தோன்றும். கிளேஸ் ஒட்டிவிடவில்லை. வீட்டு ஓவனில் வைத்துச் சுட்டால் கிளேஸ் உருகிச் சேரும் என்பது அதைவிட வேடிக்கை. ஓவன் 250 டிகிரி, கிளேஸ் உருக 1200 வேண்டும். நெயில் பாலிஷ், சூப்பர் க்ளூ, எபாக்சி எதையும் சாப்பாடு படும் இடத்தில் தடவாதீர்கள். கஞ்சித் தண்ணீரில் கொதிக்கவைப்பதில் மட்டும் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. ஜப்பானில் துளையுள்ள மண்பாண்டங்களை அப்படித்தான் பழக்குகிறார்கள், புது மண்சட்டிக்கு நம் வீடுகளிலும் செய்வோம். மாவு துளைகளை அடைக்கும். ஆனால் அது தற்காலிகம்தான். சரியாகக் காயாவிட்டால் அந்த மாவிலேயே பூஞ்சை பிடிக்கும். கறை போக்கக் குளோரின் பிளீச்சில் ஊறவைப்பதும் வேண்டாம், கோடுகளுக்குள் போனது முழுதாக வெளியே வருவதில்லை. சோடா கலந்த வெந்நீரில் ஊறவைத்து, நன்றாக அலசி, வெயிலில் காயவையுங்கள். போகிற அளவுக்குப் போகட்டும்.

நம் வீடுகளில் இந்த விஷயம் நிஜமாகவே முக்கியமாவது ஊறுகாய் ஜாடியில். பழுப்புத் தலையும் வெள்ளை வயிறுமாக இருக்கும் அந்த ஜாடியும் ஸ்டோன்வேர்தான். தட்டில் குழம்பு கால் மணி நேரம் இருக்கும். ஜாடியில் உப்பும் புளிப்பும் மாதக்கணக்கில் நிற்கும். உள்பக்கக் கிளேஸ் விரிசல் விட்டிருந்தால் உப்புநீர் மண்ணுக்குள் இறங்கி, வெளிப்பக்கம் வந்து காய்ந்து, வெள்ளையாகப் பூக்கும். உப்புப் படிகம் வளரும்போது கிளேஸையே பெயர்த்துத் தள்ளும். பாட்டி காலத்து ஜாடி என்று பாசத்தில் அதிலேயே மாவடு போடுவதற்கு முன், வாய்வரை தண்ணீர் ஊற்றிச் செய்தித்தாளின் மேல் ராத்திரி வைத்துப் பாருங்கள். தாள் நனைந்திருந்தாலோ ஜாடியின் வெளிப்பக்கம் ஈரமாகத் தெரிந்தாலோ அதில் பருப்பு கொட்டி வையுங்கள்.

புழங்குவதில் பெரிய தவறு ஒன்றுதான், திடீர்ச் சூடு. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கிண்ணத்தை அப்படியே மைக்ரோவேவில் வைப்பதும், சூடான தட்டை ஈரக் கிரானைட் மேடையில் வைப்பதும் நல்ல பாண்டத்தைக்கூட உடைக்கும். கேஸ் அடுப்பில் வைக்கவே கூடாது. மாக்கல்லில் குடைந்த கல்சட்டியைப் பழக்கி அடுப்பில் ஏற்றுகிறோமே என்று சிலர் இதையும் ஏற்றிவிடுகிறார்கள். அடியில் மட்டும் தீ படும்போது ஸ்டோன்வேர் அதைத் தாங்காது.

புதிதாக வாங்கியது சில வாரங்களிலேயே கிரேசிங் விட்டால் அது உங்கள் கைக்குறை அல்ல, செய்நேர்த்திக் குறை. படம் எடுத்துச் செய்தவருக்கு அனுப்புங்கள். கலவையில் சிலிக்காவைக் கூட்டியோ, சோடியத்தைக் குறைத்தோ அவரால் அடுத்த சூளையில் சரிசெய்ய முடியும். கூடவே அதே செட்டில் மிச்சமிருக்கும் தட்டுகளிலும் கடும் டிக்காஷனை ஊற்றி, கொஞ்ச நேரம் விட்டுத் துடைத்துப் பாருங்கள். ஒரே சூளையில் வெந்த தட்டுகளில் ஒன்று வெடித்திருந்தால் மற்றவற்றிலும் கோடு இருக்க வாய்ப்பு அதிகம், சாயம் ஏறும்வரை அது கண்ணுக்குத் தெரியாது.