வீட்டுப் பட்டறைக்கு கிரைண்டர்: கடையில் கேட்க வேண்டியது முதல் அரிவாளுக்குச் சாணை பிடிப்பது வரை

தோட்டத்துச் சாளையில் ஒரு ஓரமாகப் பெஞ்சு, இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸ், கிரைண்டர் மூன்றும் இருந்தால் சின்ன இரும்பு வேலைக்கெல்லாம் டவுனுக்கு ஓட வேண்டியதில்லை. கேட்டுக் கீல் மாற்றலாம், டேங்க் ஸ்டாண்டுக்கு ஆங்கிள் இரும்பு வெட்டலாம், மழுங்கிய கொடுவாளைத் தீட்டலாம். ஆனால் நம்மில் பலரும் இந்த மெஷினை வெல்டிங் கடையில் வேடிக்கை பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறோம். அங்கே பாதிப் பேர், சுழலும் வட்டான வீலை மறைக்கும் கார்டைக் கழற்றிவிட்டு, கண்ணாடி இல்லாமல், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெட்டுவார்கள். அதைப் பார்த்துப் பழக வேண்டாம். புதிதாகத் தொடங்குபவருக்காக முதலிலிருந்து சொல்கிறேன்.

1. எந்த மெஷின்?

வெட்டவும் வெல்டிங்கைத் தேய்க்கவும் கையில் பிடிக்கும் ஆங்கிள் கிரைண்டர். கத்தி, உளி, அரிவாள் தீட்ட மேசையில் போல்ட் போட்டு நிறுத்தும் பெஞ்சு கிரைண்டர். இரண்டும் வேண்டுமென்றால் ஆங்கிள் கிரைண்டரை முதலில் வாங்குங்கள். வேலை அதற்குத்தான் அதிகம் வரும்.

அளவு 4 இஞ்ச், அதாவது 100 மி.மீ. போதும். கடைக்காரர் 'ஏஜி 4' என்று சொன்னால் இதுதான். 7 இஞ்ச் மெஷின் கனம். வீல் மாட்டிக்கொண்டால் கையை முறுக்கிவிடும். பழகாத கைக்கு அது வேண்டாம்.

2. கடையில் பார்க்க வேண்டியவை

கோவையில் நஞ்சப்பா ரோட்டுப் பக்கம் ஹார்டுவேர் கடைகள் வரிசையாக இருக்கின்றன. எங்கே வாங்கினாலும் பில் கேட்டு வாங்குங்கள்; பிராண்டு பேரில் போலிகளும் வருகின்றன. பெட்டியை அங்கேயே திறந்து, கார்டு, பக்கவாட்டுக் கைப்பிடி, வீல் நட்டைக் கழற்றும் ஸ்பேனர் மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். "கார்டு இடைஞ்சலுங்க, யாரும் போடறதில்லீங்க" என்று சொன்னாலும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நான் மிக முக்கியமாக நினைப்பது சுவிட்ச். தள்ளினால் ஆன் நிலையிலேயே பூட்டிக்கொள்ளும் சுவிட்ச்தான் பெரும்பாலும் கிடைக்கும். வெட்டிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போய், நீங்கள் மெஷினைக் கீழே வைத்துவிட்டுப் போனால், கரன்ட் வந்ததும் அது தானே ஓடித் தரையில் துள்ளும். கையை எடுத்தால் நின்றுவிடும் பேடில் சுவிட்ச் கிடைத்தால் கொஞ்சம் விலை கூடினாலும் அதையே எடுங்கள். கிடைக்காவிட்டால், கரன்ட் போனவுடன் சுவிட்சை ஆஃப் செய்து பிளக்கைப் பிடுங்குவதை முதல் நாளிலிருந்தே பழக்கமாக்குங்கள்.

உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் செகண்ட் ஹேண்ட் மெஷின் தேடலாம். ஆனால் கார்டு இல்லாத மெஷினை மட்டும் வாங்காதீர்கள். அதற்குப் பொருந்தும் கார்டு தனியாகக் கிடைப்பது கஷ்டம்.

3. வீல்

விபத்து பெரும்பாலும் வீலில்தான் தொடங்குகிறது. கணக்கைப் பாருங்கள். 100 மி.மீ. வீலின் சுற்றளவு சுமார் 314 மி.மீ. மெஷின் 11,000 ஆர்.பி.எம்.மில், அதாவது நிமிடத்துக்கு 11,000 சுற்று ஓடினால் வீலின் விளிம்பு வினாடிக்கு 57 மீட்டருக்கு மேல் போகிறது. மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் அதிகம். உடைந்தால் துண்டுகளும் அதே வேகத்தில்தான் கிளம்பும்.

அதனால்தான் ஒவ்வொரு வீலிலும் உச்ச ஆர்.பி.எம். அச்சிட்டிருக்கும். வெட்டும் வீல்களுக்கு விளிம்பு வேகம் பொதுவாக வினாடிக்கு 80 மீட்டர் வரை. 4 இஞ்சில் 15,000க்கு மேல், 5 இஞ்சில் 12,200, 7 இஞ்சில் 8,500 என்று போட்டிருப்பது இந்தக் கணக்கில்தான். கார்டைக் கழற்றிவிட்டு 4 இஞ்ச் மெஷினில் 7 இஞ்ச் வீலை மாட்டுபவர், 8,500க்குச் செய்த வீலை 11,000இல் ஓட்டுகிறார். விளிம்பு வேகம் வினாடிக்கு 100 மீட்டரைத் தாண்டிவிடும். எவ்வளவு அவசர வேலையானாலும் இதைச் செய்யாதீர்கள்.

4 இஞ்ச் வீலின் துளை 16 மி.மீ., 5 இஞ்சுக்கு 22 மி.மீ. சொச்சம். துளை பெரிதாக இருக்கிறதென்று வாஷர் வைத்து மாட்டுவதும் கூடாது.

தொடங்குபவருக்கு மூன்று வகை போதும். வெட்ட 1 மி.மீ. கட்டிங் வீல், தேய்க்க 6 மி.மீ. கிரைண்டிங் வீல், நயம் செய்ய, உப்புத்தாள் மடல்களை அடுக்கிச் செய்த ஃபிளாப் டிஸ்க். கட்டிங் வீலின் பக்கவாட்டில் வைத்துத் தேய்க்கவே கூடாது. மெல்லிய வீல் அப்படியே நொறுங்கும். நடுவில் உள்ள தகர வளையத்தில் காலாவதித் தேதி இருக்கும். இவை பிசின் கலந்து செய்தவை, நாளாக ஆக உறுதி குறையும். ஈரம் பட்டதையும் கீழே விழுந்ததையும் தூக்கிப் போட்டுவிடுங்கள். மரம் வெட்டும் பல் வீலை ஆங்கிள் கிரைண்டரில் மாட்டாதீர்கள். பல் மரத்தில் மாட்டினால் மெஷின் நம் பக்கமே எகிறும்.

4. உடை, இடம், ஒயர்

பேன்ட், மணிக்கட்டு வரை ஒட்டிய முழுக்கைச் சட்டை, ஷூ. வேட்டி, லுங்கி, தோளில் துண்டு, கழுத்தில் தொங்கும் சங்கிலி எதுவும் வேண்டாம். கண்ணைச் சுற்றி மூடும் காகிள்ஸ், அதற்கு மேல் முகத்தை மறைக்கும் ஷீல்டு, காதுக்கு அடைப்பான், மூக்குக்கு மாஸ்க். அப்படியும் கண்ணில் இரும்புத் துகள் விழுந்தால் துணி முனையால் எடுக்கப் பார்க்காமல், கசக்காமல் நேராகக் கண் டாக்டரிடம் போங்கள்.

நம் பக்கத்தில் நெருப்புக்குத் தீனி அதிகம். பொள்ளாச்சிப் பக்கமென்றால் தேங்காய் மட்டையும் நாரும், பல்லடம் சோமனூர்ப் பக்கமென்றால் தறிக்குடோன் பஞ்சு, எந்தத் தோட்டமானாலும் சோளத்தட்டுப் போர். பொறி பறக்கும் திசையில் இவை எதுவும் இருக்கக் கூடாது. கை துடைக்கும் பனியன் வேஸ்ட் எண்ணெயோடு பெஞ்சில் கிடக்கும். அது பொறியிலும் பற்றும், சுழலும் வீலிலும் சுற்றிக்கொள்ளும். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வையுங்கள். முடித்து அரை மணி நேரம் கழித்து ஒருமுறை போய்ப் பாருங்கள், பஞ்சுக்குள் விழுந்த பொறி கனன்றுகொண்டே கிடந்து அப்புறம்தான் பற்றும்.

ஒயரைத் தோளுக்குப் பின்னால் விட்டுக்கொள்ளுங்கள். கரன்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி.யைப் பட்டறை லைனில் போட்டுவிடுங்கள்.

5. முதல் வெட்டு

பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் வீல் மாற்ற வேண்டும். மெல்லிய வீலுக்கு நட்டின் தட்டைப் பக்கம் வீலைப் பார்த்தும், தடித்த வீலுக்கு மேடான பக்கம் துளைக்குள் உட்காரும்படியும் போடுங்கள். வீல் மாட்டும் தண்டைச் சுழலாமல் பூட்டும் ஸ்பிண்டில் லாக் பட்டனை மெஷின் முழுக்க நின்ற பிறகே அழுத்துங்கள். மாட்டியதும் கையால் சுற்றிப் பார்த்து, யாரும் இல்லாத பக்கம் திருப்பி ஒரு நிமிடம் சும்மா ஓட்டுங்கள். அதிர்ந்தால் நிறுத்திவிடுங்கள்.

வெட்டும் இரும்பை வைஸில் இறுக்குங்கள். காலால் மிதித்துப் பிடிக்கக் கூடாது. வெட்டி விழ வேண்டிய பக்கம் அந்தரத்தில் இருக்கட்டும். இரண்டு முனைக்கும் முட்டுக் கொடுத்து நடுவில் வெட்டினால் வெட்டு மூடிக்கொண்டு வீலைக் கவ்வும், மெஷின் எகிறும். இரண்டு கையாலும் பிடித்து, வீல் சுழலும் கோட்டுக்கு நேராக நிற்காமல் சற்று விலகி நில்லுங்கள். கார்டு உங்களுக்கும் வீலுக்கும் நடுவில் இருக்க வேண்டும். வேகம் முழுதாக ஏறிய பிறகு இரும்பைத் தொடுங்கள். அழுத்த வேண்டாம், மெஷினின் கனமே வெட்டும். வெட்டும்போது வீல் நேர் செங்குத்தாக, தேய்க்கும்போது 15 முதல் 30 டிகிரி சாய்வாக. சுவிட்சை அணைத்த பிறகும் வீல் சில வினாடி ஓடும். நிற்கும்வரை கையிலேயே வைத்திருங்கள்.

6. பெஞ்சு கிரைண்டரும் அரிவாளும்

இதன் கல் 3,000க்குக் கொஞ்சம் குறைவான ஆர்.பி.எம்.மில்தான் ஓடும், ஆனால் கல் கனமானது. புதுக் கல்லை மாட்டும்முன் துளையில் விரல் விட்டுத் தொங்கவிட்டு, ஸ்க்ரூடிரைவரின் மரப்பிடியால் மெல்லத் தட்டுங்கள். கணீரென்றால் நல்ல கல். சொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல். இருபுறமும் ஒட்டியுள்ள காகித வட்டத்தைக் கிழிக்காதீர்கள், அது இறுக்கத்தைச் சமமாகப் பரப்புகிறது. இடப்பக்க நட்டின் மரை எதிர்த்திசையில் இருக்கும்.

பொருளைத் தாங்கும் தாங்கிக்கும் கல்லுக்கும் இடைவெளி 3 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். அகன்றால் கத்தி உள்ளே இழுபட்டு, விரலும் கூடவே போகும். கல் தேயத் தேயத் தாங்கியை நெருக்கி வையுங்கள். இங்கே கையுறை கூடாது. அலுமினியம், பித்தளை தேய்க்கக் கூடாது. கல்லின் துளைகள் அடைத்துப்போகும்.

அரிவாளைத் தாங்கியில் படுக்க வைத்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் இடமிருந்து வலமாக நகர்த்துங்கள். இரண்டு இழுப்புக்கு ஒருமுறை தண்ணீரில் முக்குங்கள். விளிம்பு நீலமாகிவிட்டால், ஆசாரி காய்ச்சித் தோய்த்து ஏற்றிய உறுதி அந்த இடத்தில் போய்விட்டது. நீலம் முழுதும் தேயும்வரை மெல்ல இறக்க வேண்டியதுதான். கடைசியில் முனையில் நிற்கும் பிசிரை, எண்ணெய் விட்ட கைச் சாணைக்கல்லில் இருபுறமும் நாலைந்து முறை இழுத்து எடுத்துவிடுங்கள்.