குளிர் விலகும் நேரத்தில் பூந்தோட்டம்: எதை வெட்டலாம், எதைத் தொடக் கூடாது?

வெப்பமான ஊர்களில் இளவேனில் ரொம்ப நாள் தங்காது. இரவுக் குளிர் குறைந்து, பகல் வெயில் லேசாக உறைக்கத் தொடங்கும் சில வாரங்கள்தான் கையில் இருக்கும். அதற்குள் செடியைத் தயார் செய்துவிட்டால், கடும் வெயில் வருவதற்கு முன்பே ஒரு சுற்றுப் பூ பார்த்துவிடலாம்.

புதிதாகத் தோட்டம் போடுபவர்கள் பலரும் கத்தரியை எடுத்து எல்லாச் செடியையும் ஒரே மாதிரி வெட்டிவிடுகிறார்கள். முதல் வருடம் நானும் அதைத்தான் செய்தேன். ரோஜாவை நறுக்கிய கையோடு ஈழத்தலரியின் (ப்ளூமேரியா) கிளை நுனிகளையும் நறுக்கினேன். அந்தப் பருவம் முழுக்க அதில் வெறும் இலைதான். பூங்கொத்து கிளையின் நுனியில்தான் வரும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அதனால் முதல் வேலை வெட்டுவது அல்ல, பார்ப்பது.

படி 1: பூ எங்கே வருகிறது என்று பாருங்கள்

ரோஜா, மல்லிகை, செம்பருத்தி மூன்றும் புதுத் தளிரில் பூப்பவை. இவற்றை இப்போது வெட்டினால் தளிர் கூடும், பூவும் கூடும். ஈழத்தலரியைப் பூத்து முடியும் வரை தொடாதீர்கள். காகிதப்பூவும் புதுக் கிளையில் பூப்பதுதான். ஆனால் வறண்ட நாட்களில் அது ஏற்கெனவே பூத்து நிற்கும். நிறம் மங்கி உதிரட்டும், அப்புறம் வெட்டலாம். (காகிதப்பூவில் நிறமாகத் தெரிவது பூவல்ல, பூவடி இலைகள். அவற்றின் நடுவே குழல் போல இருக்கும் சின்ன வெள்ளைப் பூதான் உண்மையான பூ.)

படி 2: கவாத்து (கிளைகளை வெட்டிச் சீராக்குவது)

கத்தரி கூர்மையாக இருக்க வேண்டும். ஒரு செடியை முடித்து அடுத்ததற்குப் போகும் முன் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்துக்கொள்ளுங்கள். கத்தரி வழியாகவும் நோய் ஒரு செடியிலிருந்து அடுத்ததற்குத் தொற்றிக்கொள்ளும்.

ரோஜாவில் தொடங்குங்கள். காய்ந்தது, ஒன்றோடொன்று உரசுவது, குச்சியாக மெலிந்தது எல்லாவற்றையும் அடியோடு எடுத்துவிடுங்கள். ஒட்டுக் கட்டிய இடத்துக்குக் கீழிருந்து கிளம்பும் கிளை வேர்ச்செடியினுடையது (உங்கள் ரோஜாவை எதன் மேல் ஒட்டினார்களோ அந்த வேறு செடி), அதையும் விடாதீர்கள். பென்சில் கனத்துக்கு நான்கைந்து தண்டுகள் மிஞ்சினால் போதும். இப்போது ஒரு தண்டைக் கிட்டே வைத்துப் பாருங்கள். இலை உதிர்ந்த தழும்புக்குச் சற்று மேலே கடுகளவு சிவப்பாக ஒரு புடைப்பு தெரியும். அதுதான் கண். செடியின் வெளிப்பக்கம் பார்த்த கண்ணாகத் தேர்ந்தெடுத்து, அதற்குக் கால் அங்குலம் மேலே சாய்வாக வெட்டுங்கள். கண் இருக்கும் பக்கம் உயரமாகவும் எதிர்ப்பக்கம் தாழ்வாகவும் இருந்தால் தண்ணீர் கண்ணின் மேல் வழியாது. வெட்டிய முகத்தின் நடு பழுப்பாக இருந்தால் அந்த இடம் செத்துவிட்டது என்று பொருள். வெளிர்ப்பச்சையோ வெள்ளையோ தெரியும் வரை ஒவ்வொரு கண்ணாகக் கீழே இறங்கி வெட்டுங்கள். சூடான ஊரில் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கத் தேவையில்லை.

மல்லிகைக்கு இவ்வளவு நுணுக்கம் வேண்டாம். தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு மொத்தமாக வெட்டி, மிச்சமிருக்கும் பழைய இலைகளையும் உருவிவிடலாம். மொட்டை மாதிரி நிற்கிறதே என்று பதற வேண்டாம், பக்கத் தளிர்கள் வந்து அவற்றின் நுனியில் அரும்பு கட்டும். செம்பருத்திக்கு மூன்றில் ஒரு பங்கு வெட்டினால் போதும்.

படி 3: மண்ணும் உரமும்

வெட்டிய அன்றே உரம் போடாதீர்கள். தளிர் எட்டிப் பார்த்த பிறகு, மேல்மண்ணைக் கொத்திவிட்டு, 12 அங்குலத் தொட்டிக்கு இரண்டு கை மண்புழு உரம் போடுங்கள். தழைச்சத்து (நைட்ரஜன்) மட்டும் அதிகமானால் செடி பச்சைப் பசேலென்று வளரும், பூ வராது. பிறகு காய்ந்த சருகால் இரண்டு அங்குலம் மூடாக்கு போடுங்கள். தண்டைச் சுற்றி மூன்று விரல் இடம் விடுங்கள், ஒட்டிப் போட்டால் அடித்தண்டு அழுகும்.

படி 4: தண்ணீர்

விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் அன்று தண்ணீர் வேண்டாம். இல்லையென்றால் தொட்டியின் அடித்துளை வழியாக வெளியேறும் வரை காலையில் ஊற்றுங்கள். செம்பருத்தி மொட்டு மொட்டாக உதிர்ந்தால் முதலில் தண்ணீர் ஒழுங்கைச் சரிபாருங்கள். ஒரு நாள் காயவிட்டு மறுநாள் குளிப்பாட்டுவது அதற்கு ஆகாது. காகிதப்பூவோ நேரெதிர். அடுத்தடுத்து ஊற்றினால் இலையாகத் தள்ளும், நன்றாகக் காயவிட்டு ஊற்றினால்தான் பூக்கும்.

படி 5: பூச்சி

இளந்தளிர் வந்த வாரமே அசுவினியும் மாவுப்பூச்சியும் வந்துவிடும். எறும்பு ஏறி இறங்கும் செடியை உடனே கவனியுங்கள். இந்தப் பூச்சிகள் கசியவிடும் இனிப்புநீருக்காகத்தான் எறும்பு வருகிறது. செம்பருத்தியின் நுனி இலையைத் திருப்பிப் பாருங்கள், நரம்போரம் பஞ்சு ஒட்டியது போல இருந்தால் அது மாவுப்பூச்சி. ஆரம்பத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பெரும்பகுதி போய்விடும். போகாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து, இலையின் அடிப்புறம் நனைய மாலையில் தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் இலை கருகும். தேனீக்கள் மொய்க்கும் நேரத்திலும் தெளிக்கக் கூடாது.

படி 6: வாடிய பூவை எடுப்பது

ரோஜாவில் வாடிய பூவை மட்டும் கிள்ளாமல், கீழே ஐந்து சிற்றிலை கொண்ட முதல் இலை வரை இறங்கி வெட்டுங்கள். அங்கிருந்துதான் அடுத்த தளிர் திடமாக வரும். மல்லிகையிலும் பூத்து முடிந்த நுனியைக் கிள்ளிவிடுங்கள்.

கவாத்து செய்த தேதியைத் தொட்டியின் மேலேயே மார்க்கரால் எழுதி வையுங்கள். ரோஜா பொதுவாக 6 முதல் 8 வாரத்தில் பூத்துவிடும். உங்கள் செடிக்கு எத்தனை நாள் ஆனது என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொண்டால், வெயில் ஏறும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, அடுத்த வருடம் கத்தரியை எடுக்க வேண்டிய நாளை நீங்களே முடிவு செய்யலாம்.