முதல் பாகத்தில் கை வைக்காதீர்கள்

புத்தகத்தைப் படிக்காமல் வராதே, அடுத்தவர் பேசும்போது போனை நோண்டாதே, முடிவை உளறாதே என்றெல்லாம் யாரும் எழுதித்தான் தெரிய வேண்டும் என்றில்லை, அவற்றை விட்டுவிடுகிறேன். நண்பர்கள் சேர்ந்து அறிவியல் புனைகதையும் ஃபேன்டசியும் படித்து ஞாயிற்றுக்கிழமை கூடிப் பேசுவது நல்ல விஷயம். எங்கள் செட் ஒருமுறை கலைந்து மறுபடி சேர்ந்தது. இப்போது புதிதாக ஆரம்பிக்கும் பிள்ளைகளின் கூட்டத்தில் போய் உட்கார்ந்தால், நாங்கள் அன்றைக்குச் செய்த தப்புகளையே வரிசை மாறாமல் செய்கிறார்கள்.

தொடரின் முதல் பாகத்தைத் தேர்ந்தெடுப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். யாரோ ஒருவர் உருகி உருகிப் படித்த தொடர் ஒன்று இருக்கும், "முதல் பாகம் மட்டும் படிப்போம், பிடிச்சா மேல போகலாம்" என்பார், கேட்க நியாயமாகத்தான் இருக்கும், எல்லாரும் தலையாட்டிவிடுவார்கள்.

எங்கள் செட்டுக்குள் அப்படி நுழைந்தது டான் சிம்மன்ஸின் ‘ஹைபீரியன்’. 1989இல் வந்த நாவல், அறிவியல் புனைகதைக்கும் ஃபேன்டசிக்கும் தரும் ஹியூகோ விருது வாங்கியது. யாத்திரிகர்கள் ஏழு பேர் காலக் கல்லறைகள் என்ற இடத்துக்குப் போகிறார்கள், வழியெல்லாம் அவரவர் கதையைச் சொல்கிறார்கள், அங்கே உடம்பெல்லாம் கத்தியும் முள்ளுமாக ஷ்ரைக் என்று ஒன்று காத்திருக்கிறது. எடுத்தால் கீழே வைக்க முடியாது. ஆனால் கடைசிப் பக்கத்தில் அவர்கள் பாட்டுப் பாடிக்கொண்டே அந்தப் பள்ளத்தாக்கில் இறங்குகிறார்கள், அத்தோடு புத்தகம் முடிந்துவிடுகிறது. (இதுவே ஸ்பாய்லர்தான் என்று சண்டைக்கு வருபவர்கள் வரலாம்.) நண்பர் ஒருவர், பைண்டிங்கில் கடைசி ஃபாரம் விட்டுப்போயிருக்கிறது என்று முடிவுகட்டி, வாங்கிய கடைக்கே போய் வேறு பிரதி கேட்டிருக்கிறார். கடைக்காரர் இன்னொரு பிரதியைப் பக்கத்தில் வைத்துக் கடைசிப் பக்க எண்ணைக் காட்டிய பிறகுதான் நம்பினாராம். விடையெல்லாம் 1990இல் வந்த அடுத்த புத்தகத்தில் இருக்கிறது.

அந்த ஞாயிறு உருப்படியாக எதுவும் பேசவில்லை. தொடரை முழுக்கப் படித்திருந்தவர் கையைக் கட்டிக்கொண்டு, எதைக் கேட்டாலும் "அது அப்புறம் தெரியும்" என்று சிரித்தார். ஷ்ரைக் யாருடைய ஆள் என்று கேட்டாலும் அதே சிரிப்பு. பிறகு சிலர் அடுத்த பாகத்தை வாங்கினார்கள், சிலர் இணையத்தில் கதைச்சுருக்கம் படித்துக்கொண்டார்கள், ஒருவர் ஜனவரி புத்தகக் காட்சி வரட்டும் என்றார், இன்னொருவர் நாலு பாகத்தையும் சேர்த்து வாங்கி அலமாரியில் அடுக்கினார், மேலே சுற்றிய பிளாஸ்டிக்கைக்கூட அவர் பிரிக்கவில்லை. அடுத்த முறை கூடியபோது ஒருவர் பேசுவது இன்னொருவருக்குப் புரியவில்லை, புரிந்தவர்கள் மற்றவர்களுக்காக வாயை மூடிக்கொண்டார்கள். அதற்கடுத்த வாரம் ஒருவருக்குக் கல்யாணம், ஒருவருக்கு ஆபீஸ். யாரும் சண்டை போடவில்லை, கோபித்துக்கொள்ளவில்லை, கூட்டம் தானாக நின்றுபோனது. சண்டை போட்டிருந்தாலாவது சமாதானம் பேசியிருக்கலாம்.

தொடரே வேண்டாம் என்று சொல்லவில்லை. முதல் புத்தகம் தனியாக நிற்குமா என்று யாராவது ஒருவர் முன்கூட்டியே விசாரிக்க வேண்டும், அவ்வளவுதான். ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ 1954, 1955இல் மூன்று தொகுதிகளாக வந்ததால் மூன்று நாவல் என்று நினைக்கிறார்கள். டோல்கியன் எழுதியது ஒரே நாவல், போருக்குப் பிந்தைய காகிதத் தட்டுப்பாட்டிலும் செலவிலும் பதிப்பாளர் பிரித்துப் போட்டது, அதனால் முதல் தொகுதியை மட்டும் படித்துப் பேசுவது இடைவேளையில் எழுந்து வந்து விமர்சனம் செய்வதற்குச் சமம். அசிமோவின் ‘ஃபவுண்டேஷன்’ நேர்மாறு. 1951இல் வந்த அந்தப் புத்தகத்தில் பெரும்பகுதி 1940களில் பத்திரிகையில் வந்த தனித்தனிக் கதைகள், ஒரே ஒரு கதையை எடுத்துக்கொண்டுகூட ஒரு மாலை முழுக்கப் பேசலாம். ஆனால் கதை நடக்கும் கால வரிசைப்படிதான் படிக்க வேண்டும் என்று அசிமோவ் 1988இல் எழுதிய முன்கதையிலிருந்து ஆரம்பிக்கும் புத்திசாலி ஒருவர் எல்லா செட்டிலும் இருப்பார், அவரை உட்கார வையுங்கள். ‘டியூன்’ 1965 நாவல் தன்னளவில் முடிந்துவிடும், தைரியமாக எடுக்கலாம், அகராதி மாதிரி ஒரு பகுதி புத்தகத்தின் பின்னால் இருக்கிறது என்பதை மட்டும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். டிவியில் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ என்று வந்த ஜார்ஜ் மார்ட்டினின் புத்தகத் தொடர் 1996இல் ஆரம்பித்தது, ஐந்தாம் பாகம் 2011இல் வந்தது, ஆறாவதுக்கு உலகமே காத்துக்கொண்டிருக்கிறது, அதில் உங்கள் செட்டும் போய் வரிசையில் நிற்க வேண்டுமா?

புதிய கூட்டம் என்றால் என் வாக்கு சிறுகதைக்குத்தான். டெட் சியாங்கின் ‘ஸ்டோரி ஆஃப் யுவர் லைஃப்’ 1998இல் வந்தது, ஒரு சாயங்காலத்தில் முடித்துவிடலாம், படிக்கவில்லை என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது. நாவல்தான் வேண்டும் என்றால் லெ குவினின் ‘தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்’. அதே பிரபஞ்சத்தில் அவர் வேறு நாவல்கள் எழுதியிருந்தாலும் இதற்கு முன்னும் பின்னும் எதையும் படிக்கத் தேவையில்லை.

அறிவியல் வாத்தியார்

ஆர்தர் கிளார்க்கின் ‘தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்’ (1979), இலங்கை மாதிரி ஒரு தீவின் மலையிலிருந்து விண்வெளிக்கு லிஃப்ட் கட்டும் கதை. அதைப் படித்த ஒரு கூட்டத்தில், இலங்கை பூமத்திய ரேகையில் இல்லை, ஏறத்தாழ ஏழு டிகிரி வடக்கே இருக்கிறது என்று ஒரு பையன் மேப்பைத் திறந்து வைத்துக்கொண்டு நிரூபித்தான், பாதி நேரம் அதிலேயே போனது. 1956 முதல் இலங்கையில் குடியிருந்த மனிதருக்கு அது தெரியாதா? தீவை 800 கிலோமீட்டர் தெற்கே நகர்த்தியதை கிளார்க்கே அந்தப் புத்தகத்தில் சொல்லியிருக்கிறார். விண்வெளி லிஃப்டின் கயிறு ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரச் சுற்றுப்பாதையிலிருந்து நேர்கீழே இறங்க வேண்டும், அதற்குப் பூமத்திய ரேகையில் ஒரு மலை வேண்டும், அதனால் நகர்த்தினார். அந்த மலை உச்சியில் துறவிகளின் மடம் இருக்கிறது, அவர்களை எழுப்பிவிட்டு லிஃப்ட் கட்டலாமா என்பதைப் பற்றி அன்றைக்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை. கணக்குப் பார்ப்பது தப்பில்லை, பார்த்த பிறகு ஆசிரியர் ஏன் இப்படி வைத்தார் என்றும் ஒரு கேள்வி கேட்க வேண்டும்.

புஷ்பக விமானம்

யாராவது சொல்வார். சொல்லட்டும், டீ வந்ததும் புத்தகத்துக்குத் திரும்புங்கள்.

ஜோசியம் பார்ப்பது

சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வை எடுத்தால் இது கட்டாயம் நடக்கும். விகடனில் தொடராக வந்தபோது, கதை நடக்கும் 2021 எங்கோ தூரத்தில் இருந்தது, இப்போது அது பழைய வருடம். உடனே ஒருவர் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று பட்டியல் போட ஆரம்பிப்பார், அதில் வரும் இயந்திர நாய் ஜீனோ மாதிரி பேசும் இயந்திரம் வந்துவிட்டது என்று ஒரு டிக் அடிப்பார். பட்டியல் முடிந்ததும் பேச்சும் முடிந்துவிடும். பெயர்கூட இரண்டெழுத்துக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஓர் அரசு சொல்கிறது, ஜனங்களும் சரி என்று வைத்துக்கொள்கிறார்கள், ஏன்? அதை விட்டுவிட்டு மார்க் போட்டுக்கொண்டிருந்தால் எப்படி.

படம் பார்த்துவிட்டு வருவது

படத்தைப் பற்றித்தான் பேசுவார்.

எல்லாம் படித்தவர்

ஹைபீரியன் கதையில் சிரித்தாரே, அவரைப் போல ஒருவர் இல்லாத செட் கிடையாது. அவரை ஒதுக்க வேண்டாம், அடுத்த புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இவரைவிட உபயோகமான ஆள் கிடைக்க மாட்டார், முதல் பாகம் தனியாக நிற்குமா என்பது அவருக்குத்தான் தெரியும். கூட்டத்தில் மட்டும் கடைசி ஆளாகப் பேச வையுங்கள். அதற்குமுன் "அப்புறம் தெரியும்" என்று வாயைத் திறந்தால் அன்றைய டீ, போண்டா செலவு அவருடையது. எங்கள் செட்டில் இப்போது இதுதான் சட்டம், போண்டா அடிக்கடி ஓசியில்தான் வருகிறது.