யூதப் பாடத்திட்டத்துக்கு நிதி கேட்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க அரசு மதப் பாடம் எழுதப் பணம் தராது. முழுநேர யூதப் பள்ளியானாலும் சரி, ஜெப ஆலயத்தில் ஞாயிறு காலையோ மாலையோ நடக்கும் வகுப்பானாலும் சரி, புதுப் பாடத்திட்டம் வேண்டுமென்றால் நன்கொடை திரட்டிப் பகிர்ந்தளிக்கும் ஊர் யூதக் கூட்டமைப்பையோ குடும்ப அறக்கட்டளைகளையோதான் அணுக வேண்டும். அப்படி வரும் விண்ணப்பங்களைப் படிப்பது என் வேலை. முன்னால் வந்தவர்கள் இடறிய இடத்திலேயே புதியவர்களும் இடறுகிறார்கள். கடைசித் தேதி, கூட்டல் பிழை போன்றவற்றை நான் சொல்ல வேண்டியதில்லை.

பணம் முழுவதையும் எழுதுவதிலேயே கரைப்பது

எனக்கு இன்றும் ஆறாத கோபம் இதில்தான். ஒரு ஜெப ஆலய வகுப்புக்கு விவிலியத்தின் யாத்திராகம நூலைப் பற்றி நல்ல நிதியில் பாடம் ஒன்று தயாரானது. எழுதியவர்கள் ஆழ்ந்து படித்தவர்கள். அச்சும் அழகு. வகுப்பில் எப்படிப் போகிறது என்று பார்க்கப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். அன்று, நைல் நதியில் மிதந்த கூடையிலிருந்து மோசேயைப் பார்வோன் மகள் எடுக்கும் பகுதி. அவள் கை நீட்டியபோது அந்தக் கை பல முழம் நீண்டது என்று மித்ராஷ் என்னும் பழைய யூத விளக்க மரபில் ஒரு கதை உண்டு. இடைக்கால யூத உரையாசிரியர் ரஷி தன் உரையில் அதை எடுத்துச் சொல்கிறார். ஒன்பது வயதுப் பிள்ளைகள் வாய் பிளந்து கேட்கும் இடம். ஆனால் பாடநூல் பக்கத்தில் அந்த உரை, ரஷி எழுத்து எனப்படும் தனி வகை எபிரேய எழுத்தில், உயிரொலியைக் காட்டும் குறிகள் இல்லாமல் அச்சாகியிருந்தது. பகுதிநேரமாக வந்த கல்லூரி மாணவிதான் ஆசிரியை. அவருக்கு அந்த எழுத்து வாசிக்க வரவில்லை. பக்கத்தைப் புரட்டிவிட்டு, கூடைப் படத்துக்கு வண்ணம் தீட்டச் சொன்னார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கு அரை நாள் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க அந்தத் திட்டத்தில் ஒரு டாலர்கூட ஒதுக்கவில்லை.

ஆசிரியரையும் தயார்ப்படுத்த வேண்டும் என்பது யாருக்கும் தெரியாத விஷயமும் அல்ல. ஒஹாயோ தொழிலதிபர் சாமுவேல் மெல்டனின் நிதியில் நியூயார்க்கில் இயங்கிய மெல்டன் ஆய்வு மையம், ஆதியாகமத்துக்காக 1966-இல் விவிலிய அறிஞர் நாகும் சார்னாவின் நூலை வெளியிட்டது. ஆசிரியர்கள் முதலில் படித்துத் தெளியட்டும் என்பதுதான் அதன் நோக்கம். பிற்பாடு அவி சாய் அறக்கட்டளை ஆதரித்த தால் ஆம், நேட்டா ஆகிய எபிரேயப் பாடத்திட்டங்களும் ஆசிரியர் பயிற்சியைத் தங்களில் ஒரு பகுதியாகவே வைத்திருந்தன.

ஆகவே எழுதக் கேட்கும் தொகைக்குக் குறையாமல், வகுப்பில் சோதிக்கவும் திருத்தவும் பயிற்சி தரவும் கேளுங்கள். சோதனைக்கு உதவும் ஆசிரியருக்கு ஊதியம் கொடுங்கள். பகுதிநேர ஆசிரியர்கள் அடிக்கடி மாறுவார்கள் என்பதால் இரண்டாம் ஆண்டுப் பயிற்சிக்கும் பணம் வேண்டும்.

எடுத்த எடுப்பிலேயே பெருந்தொகை கேட்பது

யூதக் கல்விக்கு மானியம் தரும் கவெனன்ட் அறக்கட்டளை ஓராண்டுச் சிறு மானியத்தையும் பல ஆண்டு மானியத்தையும் தனித்தனியே வைத்திருக்கிறது. சோதிக்காத யோசனைக்குச் சிறியதே போதும்.

ஏற்கெனவே இருப்பதைத் தேடாமல் எழுதுவது

தேடுங்கள்.

உரிமையைக் கவனிக்காமல் விடுவது

யூத நூல்களை இலவசமாகப் படிக்கத் தரும் செஃபாரியா இணையதளத்தில் இருப்பதையெல்லாம் அப்படியே எடுத்துப் போடலாம் என்று நினைக்கிறார்கள். யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தல்மூதுக்கு ரபி ஸ்டைன்சால்ட்ஸின் ஆங்கிலப் பதிப்பு 2017 முதல் அங்கே இலவசம்தான். ஆனால் வணிக நோக்கமற்ற பயன்பாட்டுக்கு மட்டும். பாடநூலை விற்கப்போகிறீர்கள் என்றால் அனுமதி வாங்க வேண்டும். தனாக் என்னும் எபிரேய விவிலியத்திலும் இதே கதை. யூத வெளியீட்டுக் கழகத்தின் 1917 மொழிபெயர்ப்பு பொதுவுடைமை, 1985-இல் வந்தது அப்படியல்ல. அனுமதிக் கட்டணத்தை முதல் வரவுசெலவுக் கணக்கிலேயே சேருங்கள். அச்சுக்குப் போகும் வாரத்தில் இது தெரியவந்தால் பாதிப் பாடத்தை மறுபடி எழுத வேண்டியிருக்கும்.

ஒரே அறக்கட்டளையை நம்பியிருப்பது

அவி சாய் தன் பணத்தைச் செலவழித்து முடிக்கப்போவதாக முன்பே அறிவித்துவிட்டு, 2019 இறுதியோடு வட அமெரிக்காவில் மானியம் தருவதை நிறுத்திக்கொண்டது. மானியம் தீர்ந்த பிறகு மறுஅச்சு, இணையதளப் பராமரிப்பு, புது ஆசிரியர் பயிற்சி ஆகியவற்றுக்கு யார் பணம் தருவது? பள்ளிகளிடம் ஆண்டுச் சந்தாவா, ஊர்க் கூட்டமைப்பின் பொறுப்பா என்பதை விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள். நான் முதலில் புரட்டிப் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான்.