குரங்கு மூளையின் செவிப்பகுதியும் நாளின் நேரமும்: படிக்கும்போது சறுக்கும் இடங்கள்

"இரவில் இரைச்சல் கேட்ட எலிக்குக் காது நிரந்தரமாகக் கெட்டது, அதனால் நாமும் இரவில் ஹெட்போன் போடக்கூடாது" என்று எழுதியிருப்பதைப் பல இடங்களில் பார்த்துவிட்டேன். ஹெட்போனைக் கழற்றி வைப்பது நல்லதுதான், ஆனால் அதற்கு இந்த ஆய்வைக் காரணம் காட்டுவது தவறு. 2014-ல் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தார் வெளியிட்ட ஆய்வு அது. ஒரே அளவு இரைச்சலைச் சில சுண்டெலிகளுக்குப் பகலிலும் சிலவற்றுக்கு இரவிலும் கேட்கவைத்தார்கள். பகலில் கேட்டவை மீண்டுவந்தன, இரவில் கேட்டவற்றுக்குப் பாதிப்பு நிலைத்துவிட்டது. சுண்டெலிக்கு இரவுதான் விழித்து ஓடி இரைதேடும் நேரம். நமக்கும் பபூனுக்கும் மக்காக் குரங்குக்கும் அது தூங்கும் நேரம். கடிகாரத்தில் இருக்கும் மணியை அப்படியே ஒரு விலங்கிலிருந்து இன்னொன்றுக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

சரி, 12 மணி நேரம் தள்ளிப் போட்டுக்கொண்டால் போதுமே என்றால், அதுவும் சரிவராது. மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைபோதலாமஸில் சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட தலைமைக் கடிகாரம் ஒன்று இருக்கிறது. இரவில் திரியும் விலங்கானாலும் பகலில் திரியும் விலங்கானாலும் அந்த அணுக்கள் பகலில்தான் அதிகம் துடிக்கின்றன. மாறுவது அதற்கு அப்புறம் நடப்பவை. அதனால் எந்த உறுப்பு, எந்தப் பகுதி என்று சொல்லாமல் வெறுமனே 'தலைகீழ்' என்று எழுதுவது அரைகுறை. காதின் நத்தைச்சுருளுக்குச் சொந்தக் கடிகாரம் உண்டு, நடுமூளையில் இருக்கும் இன்ஃபீரியர் காலிகுலஸ் என்ற செவி நிலையத்துக்கும் உண்டு என்பதெல்லாம் சுண்டெலியில் பார்த்தவை. குரங்கின் செவிப் புறணியைப் பற்றி, அதாவது ஒலியைக் கையாளும் மூளையின் மேலடுக்குப் பகுதியைப் பற்றிச் சொல்ல அவை மட்டும் போதாது. குரங்கினம் என்றாலே பகல் விலங்கு என்று நினைப்பதும் தவறு. 1970களில் செவிப் புறணியின் வரைபடம் எடுக்கப்பட்டவற்றில் தென் அமெரிக்காவின் இரவுக்குரங்கும் ஒன்று, நம் கடவூர்க் காடுகளின் தேவாங்கும் இரவில்தான் வெளியே வரும்.

அடுத்த தவறுதான் எனக்குப் பெரியதாகப் படுகிறது, ஏனென்றால் இதில் நன்றாகப் படித்தவர்களும் சிக்கிக்கொள்கிறார்கள். காலையில் ஓர் அளவு எடுக்கிறோம், மாலையில் இன்னோர் அளவு எடுக்கிறோம், இரண்டும் வேறுபடுகின்றன, உடனே 'செவிப்பகுதியில் உயிர்க்கடிகாரம்' என்று எழுதிவிடுகிறோம். ஆனால் இடையில் எத்தனையோ மாறியிருக்கும். உடல் வெப்பம் விடியலுக்கு முன் தாழ்ந்து மாலையில் ஏறும், குளிர்ந்த நரம்பில் செய்தி மெதுவாகத்தான் ஓடும். ஒலி காதில் பட்ட முதல் 10 மில்லிசெகண்டுக்குள் மூளைத்தண்டு காட்டும் அலைகள் நாளின் நேரத்துக்கு ஏற்ப முந்துவதும் பிந்துவதும் உடல் வெப்பத்தோடு சேர்ந்தே போகின்றன என்று மார்ஷலும் டான்ச்சினும் 1981-லேயே மனிதர்களில் காட்டிவிட்டார்கள். வெப்பத்தை அளக்காமல் விட்டால் எதை அளந்தோம் என்றே தெரியாது.

வெப்பம் மட்டுமில்லை. மாலையில் அந்தக் குரங்கு விழித்துப் பல மணி நேரம் ஆகியிருக்கும், அந்தக் களைப்பு வேறு, கடிகாரம் வேறு. இரண்டையும் பிரிக்க, தூங்கி விழிக்கும் நேரத்தை 24 மணிச் சுழற்சியிலிருந்து விலக்கவேண்டும்; அப்படித்தான் தூக்க ஆய்வாளர் கிளைட்மேன் 1938-ல் கென்டக்கியின் மாமத் குகைக்குள் ஒரு மாதம் தங்கி 28 மணி நேர 'நாள்' வாழ்ந்து பார்த்தார். குரங்கில் இதைச் செய்வது கடினம், ஆனால் கடினம் என்பதற்காக முடிவை மட்டும் எளிதாக எழுதிவிடக்கூடாது.

தூங்கும்போது செவிப் புறணி மூடிக்கொள்கிறது என்ற நினைப்பையும் விடவேண்டும். மார்மோசெட் குரங்குகளில் இஸ்ஸாவும் வாங்கும் 2008-ல் காட்டியது, தூக்கத்திலும் செவிப் புறணியின் அணுக்கள் பெரும்பாலும் விழிப்பில் போலவே ஒலிக்குப் பதில் தருகின்றன என்பதுதான். எனவே இரவில் குரங்கு சத்தத்துக்கு அசையவில்லை என்பதை வைத்துப் புறணி ஓய்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது.

'ரிதம்' என்ற சொல்லிலும் குழப்பம் உண்டு. செவிப் புறணியில் நொடிக்கு நாலைந்து முறை எழும் மின்னலைகளுக்கும் 24 மணி நேரச் சுழற்சிக்கும் பெயர்தான் ஒன்று.

கடைசியாக, பபூன் அட்லஸ்: பபூன் குரங்கின் எந்தத் திசுவில் எந்த ஜீன் நாளின் எந்த நேரத்தில் அதிகம் இயங்குகிறது என்ற தொகுப்பு. 2018-ல் வெளியானது, 12 பபூன்கள், 64 திசுக்கள், 2 மணி நேரத்துக்கு ஒரு மாதிரி. 'புரதம் செய்யும் ஜீன்களில் 82 சதவீதம் தினச்சுழற்சி காட்டுகின்றன' என்று இதைச் சுருக்கி எழுதுகிறார்கள். 'ஏதாவது ஒரு திசுவிலாவது' என்ற சொற்களை விட்டுவிட்டால் பொருளே மாறிப்போகிறது, செவிப்பகுதியில் 82 சதவீதம் என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். ஒரே விலங்கை நாள் முழுக்கப் பின்தொடர்ந்த வரைபடமும் இல்லை அது, ஒவ்வொரு நேரப்புள்ளியிலும் வேறொரு விலங்கு. ஒளி–இருள் சுழற்சி நடந்துகொண்டிருக்கும்போது எடுத்தது என்பதால், வெளிச்சம் செய்ததையும் உள்கடிகாரம் செய்ததையும் அதில் பிரிக்க முடியாது. அதனால்தான் ஆய்வாளர்களே தலைப்பில் சர்க்கேடியன் (உள்கடிகாரத்தால் நடப்பது) என்று போடவில்லை, டயர்னல் (ஒரு நாளுக்குள் மாறுவது) என்று போட்டார்கள். அதில் அளந்தது ஜீனின் நகலான ஆர்என்ஏவைத்தான்; ஆர்என்ஏ ஏறி இறங்கினால் புரதமும் ஏறி இறங்கும், கேட்கும் திறனும் கூடவே மாறும் என்று அங்கிருந்து தாவுவது இன்னும் மோசம்.

இனி குரங்கின் செவிப் புறணி பற்றி எதைப் படித்தாலும் ஆய்வுக் கட்டுரையின் செய்முறைப் பகுதிக்குப் போய்ப் பாருங்கள்: விளக்கு எத்தனை மணிக்குப் போட்டார்கள், பதிவு எத்தனை மணிக்கு, குரங்குக்குப் பரிசாகத் தரும் பழச்சாறு எப்போது கிடைத்தது. தினமும் ஒரே நேரத்தில் உணவு கிடைத்தாலே பல விலங்குகளின் உடல் அந்த நேரத்தை எதிர்பார்க்கத் தொடங்கிவிடும்.